"எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?"

1991-ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம். கன்னடியன் கால்வாய்க் கரைத் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று ஒரு பையன் கார் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தான். வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். கூப்பிட்ட நேரத்துக்கு வரும் வாடகைக் கார் என்றால் அப்போது என் பழைய அம்பாசடர்தான். தூக்குச்சட்டியில் பாதிச் சோறு கிடக்க, வண்டியை எடுத்தேன்.

தோப்பில் இருபது பேர் கூடி நின்றார்கள். ஒருவர் கோலி சோடாவை உடைத்து அண்ணாச்சி முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு இருந்தது. "இடுப்புக்குக் கீழ மதமதன்னு இருக்கு, ஏய்யா" என்றார். கால் விரலை அசைத்தாரா இல்லையா என்பதில் அங்கே நின்றவர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. அசைத்ததைப் பார்த்தேன் என்று அவருடைய சித்தப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு பேர், கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவர் என்று பிடித்துத் தூக்கினோம். அம்பாசடர் பின்சீட்டில் ஆறடி மனிதரை நீட்டிப் படுக்க வைக்க வழியில்லை. முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, தலை ஒருவர் மடியில், கால் இன்னொருவர் மடியில் என்று அடைத்தோம். அடைத்தோம் என்பதுதான் சரியான சொல். அப்புறம் சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டேன். அந்த ரோட்டில், அந்தக் காரில், அது சாதனை.

பணியில் இருந்த டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"முக்கால் மணி நேரத்துல கொண்டாந்துட்டேன் சார்" என்றேன்.

"எவ்வளவு நேரம்னு கேக்கல. எப்படின்னு கேக்கேன்."

காட்டினேன். முதுகு எப்படி வளைந்திருந்தது, கழுத்து எப்படித் தொங்கியது என்று என் உடம்பை வைத்தே காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சி பிழைத்தார். நடக்கவில்லை. விழுந்த வேகத்திலேயே தண்டுவடம் போயிருக்கலாம். நாங்கள் மடக்கியதில் போயிருக்கலாம். இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கிறது, தண்டனையாகவும் இருந்திருக்கிறது.

நான் 1984 முதல் 2008 வரை கார் ஓட்டினேன். ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தத்தை வைத்தே என்ன கேஸ் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிடுவாள். பெண்கள் தட்டினால் பிரசவம். ஆம்பிளைகள் நாலைந்து பேராக வந்து தட்டினால் பாம்புக்கடி, இல்லையென்றால் அடிதடி. தட்டாமல் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் சாவு. பிணத்தை எடுத்து வரப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கார். சீட்டில் உரச்சாக்கை விரித்துக்கொள்வோம். பிணம் ஏற்றிய மறுநாள் கழுவி, சூடம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கல்யாண சவாரிக்குப் போவேன். "நேத்து பொணம் ஏத்துன வண்டியாமே" என்று மாப்பிள்ளை வீட்டார் இறங்கிப் போனதும் உண்டு.

அதற்கும் முன்னால் எங்கள் அப்பா காலத்தில் நார்க்கட்டில். கட்டிலோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் வரும் ரோடு வரைக்கும் நடப்பார்கள். வசதியான வீடு என்றால் வில்வண்டி. இப்போது யோசித்தால், முதுகு அடிபட்டவனுக்கு என் காரைவிட அந்தக் கட்டில் நல்லது. மெதுவாகப் போகும், ஆனால் நீட்டிப் படுக்கலாம்.

இதெல்லாம் ஊர் நாட்டில் நடப்பதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி மகள் நர்சிங் படித்துவிட்டு 2010-ல் 108-ல் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தாள். பயிற்சியிலிருந்து வரும்போது நோட்டும் புத்தகமும் கொண்டு வருவாள். அவள் தூங்கும் நேரத்தில் நான் அதை எடுத்துப் படிப்பேன். புரியாததைக் கேட்பேன். "மாமா, உங்களுக்குத்தான் பரீட்சை வைக்கணும்" என்பாள். (108 வந்த புதிதில் நானும் பைலட் வேலைக்கு விசாரித்தேன். 108-ல் டிரைவருக்குப் பைலட் என்று பெயர். வயது தாண்டிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.)

அவள் விளக்கியதில் முதலில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு அமெரிக்கச் செய்தி. அங்கே 1960களில் கூட ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஏறக்குறைய பாதி, பிண ஊர்தி வைத்துச் சவ அடக்கத் தொழில் செய்பவர்களுடையதாம். காரணம் ரொம்ப எளிது: ஊரில் ஒரு ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1966-ல் அந்த நாட்டு அறிவியல் கழகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் செத்திருக்கிறார்கள், அதில் 49,000 பேர் சாலையில் என்று கணக்குச் சொல்லி, வண்டியில் வருகிறவனுக்கு முதலுதவியே தெரியவில்லை என்று போட்டு உடைத்தது. அதற்கப்புறம்தான் அங்கே பயிற்சி, தரம், சட்டம் எல்லாம் வந்தன. நிலாவுக்கு ராக்கெட் விடத் தயாராகிக்கொண்டிருந்த தேசத்தில் சவ வண்டிக்காரர்தான் ஆம்புலன்ஸ்காரர். என் உரச்சாக்கை நினைத்துக்கொண்டேன்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் அதை மாற்றிக் காட்டியவர்கள் யார் என்பது இன்னும் சுவாரசியம். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் அவசரம் என்றால் போலீஸ் வேன்தான் வரும். பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும். 1967-ல் அந்தப் பகுதியின் வேலையில்லாத இளைஞர்களையே எடுத்து, பீட்டர் சாஃபர் என்ற டாக்டர் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்க, ஃப்ரீடம் ஹவுஸ் என்ற பெயரில் ஒரு ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் சாஃபர் ஒருவர். அவருடைய சொந்த மகளே 1966-ல் ஆஸ்துமாவில் இறந்திருந்தாள். படிப்பை முடிக்காத பையன்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்கள், அந்த நாட்டிலேயே முன்மாதிரியான சேவையை நடத்தினார்கள். 1975-ல் நகர நிர்வாகம் சொந்தமாக ஒரு சேவை தொடங்கி அதை மூடிவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது.

ஆனால் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியை முதலில் கேட்டவர் அதற்கும் நூற்றெழுபது வருடத்துக்கு மேல் முந்தியவர். பிரெஞ்சுப் படையில் டொமினிக் ழான் லாரே என்ற அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் போர் முடிகிறவரை ஆம்புலன்ஸ் வண்டிகள் களத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அடிபட்டவன் கிடந்து கிடந்து சாவான். 1792-ல் அதைப் பார்த்துக் கொதித்துப்போன லாரே, வில் வைத்த, மெத்தை தைத்த, குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளைச் செய்ய வைத்தார். சண்டை நடக்கும்போதே உள்ளே போய் ஆளைத் தூக்கி வரும் வண்டிகள். பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட நம் வில்வண்டிதான். எகிப்துக்குப் போனபோது குதிரைக்குப் பதில் ஒட்டகத்தில் இரண்டு பக்கமும் பெட்டி கட்டிப் படுக்க வைத்திருக்கிறார். இன்னொன்றும் செய்தார்: தளபதியா சிப்பாயா, நம்மாளா எதிரியா என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவனுக்கு முதலில் வைத்தியம். இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதற்கு வேர் அங்கேதான். "எனக்கு முன்னாடி வந்தவன் நிக்கான், பின்னாடி வந்தவனை உள்ள விடுதாங்க" என்று நம்மாட்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு லாரே ஞாபகம் வரும்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். கற்றுக்கொண்டதை ஒன்றொன்றாகச் சொல்கிறேன். முதலில் அண்ணாச்சி விஷயம், ஏனென்றால் தென்னையும் பனையும் உள்ள மாவட்டத்தில் இது நாளைக்கும் நடக்கும். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை, பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரை, உட்கார வைக்காதீர்கள். எழுப்பி நிறுத்திப் பார்க்காதீர்கள். "ஒண்ணுமில்ல, எந்திரி" என்று சொல்லும் ஆளை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரண்டு கையாலும் இருபக்கமும் பிடித்து, கழுத்து திரும்பாமல் வைத்துக்கொள்ளட்டும். ஹெல்மெட்டைப் பிடுங்க வேண்டாம். மூச்சுக்குத் தடையாக இருந்தால் மட்டுமே, அதுவும் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் கழுத்தைத் தாங்கியபடி கழற்ற வேண்டும். நெருப்பு, தண்ணீர், வண்டி வரும் ரோடு என்று அங்கேயே விட முடியாத ஆபத்து இருந்தால்தான் நகர்த்துவது. அப்போதும் நாலைந்து பேர் சேர்ந்து, மரத்தடியை உருட்டுவது போல உடம்பை ஒரே கட்டையாகத் திருப்பி, அடியில் பலகையைச் செருக வேண்டும். பலகை இல்லையென்றால் பெஞ்சு, கழற்றிய கதவு. வாயில் சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துண்டை மடித்து அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூளை அப்பாதீர்கள். டாக்டர் அதைக் கழுவுவதற்கே நேரம் போகும்.

பாம்புக்கடி. இதில் நான் செய்த தப்பு வேறு மாதிரி. 1996-ல் வயலில் மடை திறக்கப் போன ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வீட்டார் முதலில் விஷக்கடி வைத்தியரிடம் போகச் சொன்னார்கள். சவாரிக்காரன் பேச்சு எடுபடுமா? போனேன். இரண்டு மணி நேரம் அங்கே. அப்புறம் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் பாளையங்கோட்டை. பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் கெட்டு வாரக்கணக்கில் கிடந்தார்; கட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே சதை அழுகி வெட்டி எடுத்தார்கள். விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தைப் பிடிக்கும், கடித்த இடத்துச் சதையையும் தின்னும். அதைக் கயிறு கட்டி ஒரே இடத்தில் தேக்கினால் அந்த இடம் போகும். நம் ஊரில் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அரசு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுவது. ஆகவே எந்தப் பாம்பு என்று காட்டப் பாம்பைத் துரத்தி அடித்துக் கையில் கொண்டு வர வேண்டியதில்லை. அப்படிப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்கள் உண்டு. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசு, மெட்டி கழற்றிவிடுங்கள், வீங்கும். கடிபட்ட காலை எலும்பு முறிந்த கால் மாதிரி நினைத்து, ஒரு கட்டை வைத்துத் துணியால் லேசாகச் சுற்றி, அசையாமல் வைக்க வேண்டும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதைப் பார்த்து வையுங்கள். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இந்த இடத்தில் போலீஸ் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ரோட்டில் லாரி தட்டிக் கிடந்தவரை ஏற்றிக்கொண்டு வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேர் வேண்டாம். "ஆக்சிடென்ட் கேஸ், போலீஸ் வரணும், நாங்க தொட முடியாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு நான் அலைந்த நாட்களுக்கு வாடகை யார் தருவார்? ஸ்டாண்டில் பலர் அடிபட்டவரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குக் கல்நெஞ்சம் காரணமல்ல, இந்த அலைச்சல்தான். ஆனால் 1989-லேயே உச்ச நீதிமன்றம், பரமானந்த் கடாரா வழக்கில், அரசோ தனியாரோ எந்த டாக்டரும் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த வழக்கே, ஸ்கூட்டரில் அடிபட்டவரை ஒரு ஆஸ்பத்திரி ஏற்க மறுத்து இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பி, வழியிலேயே அவர் செத்ததிலிருந்து வந்ததுதான். எனக்கு அது அன்று தெரிந்திருந்தால் வாசலில் நின்று சத்தம் போட்டிருப்பேன். 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பேர், விலாசம் சொல்லாமலே நீங்கள் போகலாம். சாட்சியாக இருங்கள் என்று கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில், ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. பணம் யார் கட்டுவது என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இப்போது போன் விஷயம். எங்கள் காலத்தில் போஸ்ட் ஆபீசிலும் இரண்டு பெரிய வீடுகளிலும்தான் போன். ராத்திரியில் லைன் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. லண்டனிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறது. 1935-ல் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் செத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் போன் செய்து, எக்ஸ்சேஞ்சில் வரிசையில் மாட்டிக்கொண்டு காத்துக் கிடந்திருக்கிறார். அந்தக் கோபத்தில் அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை நடந்து, 1937-ல் 999 என்ற அவசர எண் வந்தது. அமெரிக்காவில் 911-க்கு முதல் அழைப்பு 1968-ல், அலபாமாவில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில். நம் பக்கம் 108 ஹைதராபாத்தில் 2005-ல் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15 அன்று வந்தது. என் கார்த்தொழிலுக்கு அன்றே முடிவு எழுதியாயிற்று. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், ராத்திரித் தூக்கம் கிடைத்தது என்பேன்.

108-க்குப் பேசுவதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இடம் சொல்வது. போனை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். "கோயில் பக்கத்து வீடு" என்றால் அவருக்கு என்ன தெரியும்? இசக்கியம்மன் கோயில் இல்லாத ஊர் நெல்லைச் சீமையில் உண்டா? புதூர் எத்தனை, காலனி எத்தனை, கீழத்தெரு எத்தனை! என் மருமகள், அந்தத் தங்கச்சி மகள்தான், ஒருதரம் அதே பெயருள்ள இன்னொரு ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். மாவட்டம், தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், மெயின் ரோட்டில் எந்த நிறுத்தத்தில் திரும்ப வேண்டும், அப்புறம்தான் தெரு. இந்த வரிசையில் சொல்லுங்கள். தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆன பிறகும் பழக்கத்தில் திருநெல்வேலி என்று சொல்பவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், கவனம். கேள்வி கேட்கிறார்களே என்று எரிச்சல்பட்டுப் போனை வைத்துவிடாதீர்கள், வண்டிக்காரர் திரும்பக் கூப்பிடும் நம்பர் அதுதான். ஆளுக்கொரு போனில் கூப்பிட்டு லைனை அடைக்காதீர்கள். ஒருவர் டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டு முக்குக்குப் போய் நிற்கட்டும். இது ஒன்றில் மட்டும் ஐந்து பத்து நிமிடம் மிச்சமாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் மாத்திரைப் பட்டையையும் பழைய சீட்டுகளையும் மஞ்சள் பையில் எடுத்து வைக்கட்டும். நாயைக் கட்டுங்கள்.

வாசலில் கார் நிற்கும்போது ஆம்புலன்ஸுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? இதை என்னைவிட அதிகம் கேட்டவன் இருக்க முடியாது. 2014-ல் என் மச்சானுக்கு விடியற்காலை நெஞ்சுவலி. வியர்த்துக் கொட்டியது, இடது கை கடுத்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். நான் பழக்கதோஷத்தில் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். "நடந்து வந்து ஏறுங்க" என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். மருமகள் போனில் கத்தினாள்: "மாமா, நடக்க விடாதீங்க. உக்கார வைங்க. 108 போடுங்க." இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். முன்னீர்பள்ளம் தாண்டியதும் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். கண் மேலே சொருகியது. உள்ளே இருந்த பையன், மருமகள் வயதுதான் இருக்கும், பைலட்டை வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மச்சான் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்க ஆரம்பித்தான். என்னையும் எண்ணச் சொன்னான். மெஷினை ஒட்டி ஒரு அதிர்ச்சி கொடுத்தான். திரும்ப அமுக்கினான். மச்சான் இருமினார்.

அவர் அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தார். பேத்திக்குக் காதுகுத்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

என் காரில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்திருக்கும். பின்னால் என் தங்கச்சி அழுதுகொண்டிருந்திருப்பாள். அவ்வளவுதான். நெஞ்சை அமுக்கும் இந்த முறையை 1960-ல் பால்டிமோரில் மூன்று பேர் கண்டு எழுதினார்கள். அதிர்ச்சி கொடுக்கும் மெஷின் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருந்த காலத்தில், பெல்ஃபாஸ்ட் நகரத்து டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் அதை வண்டியில் ஏற்றினார், 1966-ல். மாரடைப்பில் சாகிறவர்களில் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே சாகிறார்கள். அப்படியென்றால் மெஷின் ஏன் வாசலில் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து? இரண்டு கார் பேட்டரி! மொத்தம் எழுபது கிலோ. இதைப் படித்தபோது, அரை வாழ்க்கை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவன் என்ற முறையில், எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆகவே நெஞ்சுவலி என்றால்: நடக்க வைக்காதீர்கள், மாடிப்படி இறக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன; 'இதயம் காப்போம்' என்ற பெயரில் 2023-லிருந்து கொடுக்கிறார்கள். ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால், தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால், தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பில் உள்ளங்கை அடியை ஊன்றி, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அமுக்குங்கள். ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளட்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், முறிந்தால் ஒட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108-காரர்கள் சொல்லச் சொல்லச் செய்யுங்கள்.

அதற்காகக் காரே கூடாது என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஐந்து நிமிடத்தில் இருக்க, ஆம்புலன்ஸ் அரை மணி நேரம் ஆகும் என்றால் காத்திருப்பது மடத்தனம். போனிலேயே கேளுங்கள், எவ்வளவு நேரத்தில் வரும் என்று. கை முறிவு, சாதாரண வெட்டுக்காயம், மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஆட்டோ போதும். அந்த ஆம்புலன்ஸ் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். முதுகு, கழுத்து, நெஞ்சு, நினைவில்லாமை, மூச்சுத் திணறல், பிரசவ வலி முற்றியது, இதற்கெல்லாம் 108. வலிப்புக்கும் 108 கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்காமல், ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் நுழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இவ்வளவு படிப்பும் ஒருநாள் சோதிக்கப்பட்டது. டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் மழை விடவில்லை. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் பாசி வழுக்கி விழுந்த ஒரு பாட்டிக்கு இடுப்பு நகர முடியவில்லை. ஆம்புலன்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் வர முடியும். பரணில் கிடந்த அப்பாவின் நார்க்கட்டிலை இறக்கினோம். நார் இற்றுப் போயிருந்தது. மேலே கதவுப் பலகையை வைத்துக் கட்டினோம். ஆறு பேர். முன்னால் ஒருவன் கம்பு ஊன்றிப் பள்ளம் பார்த்துக்கொண்டே போனான். பாட்டி வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுகிற வரைக்கும் மூச்சு நல்லபடியாக இருக்கிறது என்று நான் சொல்ல, அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

மெயின் ரோட்டு முக்கில் ஒரு பெட்டிக்கடை உண்டு. கடைக்காரர் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்ப்பார். 1991-ல் நான் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு போன அதே அண்ணாச்சிதான். 108 இந்தப் பக்கம் திரும்பும்போது பைலட்கள் அவரிடம்தான் வழி கேட்பார்கள். எந்தத் தெரு, எந்தச் சந்தில் பெரிய வண்டி திரும்பாது, எந்த வீட்டில் படி உயரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ராத்திரியில் சைரன் சத்தம் கேட்டால் உள்ளே படுத்திருப்பவர் கையைக் கொண்டு நகர்ந்து வந்து கடை விளக்கைப் போட்டு வைப்பார்.

அன்றைக்கு நாங்கள் கட்டிலோடு தண்ணீரிலிருந்து கரையேறும்போது கடைக்குள் முழங்கால் தண்ணீர். அவர் வண்டியைத் திட்டின் மேல் ஏற்றி, குடைக்குக் கீழே உட்கார்ந்து டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் அவருக்குப் பக்கத்தில் நின்றது. பாட்டியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது எட்டிப் பார்த்தார்.

"பலகை வச்சுத்தானலே தூக்கிட்டு வந்திய?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"சரி" என்று டார்ச்சை அணைத்தார்.